பிரிக்காத மூன்றாம் மிஷின்

காரைக்குடி
12.10.1996

மரியே வாழ்க

அன்புள்ள அண்ணனுக்கு,

இன்பமேரி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்பே வலித்து மழையை அறிவித்துவிடுகிறது. உங்கள் சளி விட்டதா? தலைக்கு எண்ணெய் வைக்கிறீர்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

உங்கள் கடை விளம்பரம் கொடுக்கும் தமிழ் மாத இதழில், கிசோ கம்பெனியின் மூன்று வீடியோ கேம் மிஷின்களையும், வரப்போகிற மூன்றாவதையும் சேர்த்து, ஒப்பிட்டு மூன்று கட்டுரை கேட்கிறார்கள், என் பெயரிலேயே போடுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு மாடிக்குப் போனேன். இறங்கினேன். மறுபடி ஏறினேன். "என்னடி, குட்டி போட்ட பூனையாட்டம் அங்குட்டும் இங்குட்டும் அலையுற?" என்றாள் அம்மா. காரணம் சொல்லவில்லை. அச்சில் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

முதல் கட்டுரை இத்துடன் இருக்கிறது. அப்பா இறந்த வருடம் நீங்கள் கொண்டுவந்த முதல் மிஷினை, சாம்பல் நிற மிஷினைப் பற்றியது. அதில் 'மலை ஆடு' உங்கள் உயிர். ஆடு வலப்பக்கமாக ஓடும், பாறைக்குப் பாறை தாவும், பருந்து வந்தால் முட்டும். திரும்பி வர வழி கிடையாது. திரையை விட்டுப் போன பாறை போனதுதான். அதே மிஷினுக்கு அதே கம்பெனி 'தோணி' என்று ஒன்று போட்டதே, நினைவிருக்கிறதா? அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போக வேண்டும். எதிரி கிடையாது. காற்று வரும்வரை சும்மா இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கெட்டுப்போன கேசட்டுடி இது" என்று கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டீர்கள். நான் எடுத்து வைத்துக்கொண்டேன். நீங்கள் சிங்கப்பூருக்குத் திரும்பிய பிறகு நான் அதிகம் விளையாடியது அதைத்தான்.

ஆடு விற்கும், தோணி விற்காது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும். தெரிந்தும் ஏன் செய்தார்கள்? அதைத்தான் எழுதிப் பார்த்திருக்கிறேன். தப்பு இருந்தால் திருத்துங்கள். ஆனால் தோணியைப் பற்றிய பகுதியைக் குறைக்க வேண்டாம்.

ஒன்று கேட்கலாமா? இரண்டாவதான வெள்ளை மிஷினுக்கு 'நிழல்' என்று ஒரு கேசட் வந்ததாம். 'மலை ஆடு' இரண்டாம் பாகத்தின் கையேட்டில், பின்னட்டையில் தபால்தலை அளவுக்கு ஒரு படம் இருக்கிறது. வெயிலில் ஒருவன் நடக்கிறான். அவனை நாம் நகர்த்த முடியாது, சூரியனை நகர்த்தி அவனுக்கு நிழல் காட்ட வேண்டுமாம். காரைக்குடியில் இருப்பவளுக்கு இது எவ்வளவு பெரிய பதவி! உங்கள் கடையில் கிடக்கிறதா என்று பாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை
இன்பமேரி

* * *

சிங்கப்பூர்
3.11.1996

அன்புத் தங்கை இன்பத்துக்கு அண்ணன் சகாய ஆண்டனி எழுதிக்கொள்வது.

நான் நலமாக இருக்கிறேன். அம்மாவும் நீயும் நலமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். எண்ணெய் வைக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்.

கட்டுரையை ஆசிரியரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார், பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தார். "உங்கள் தங்கை என்ன படித்திருக்கிறார்?" என்று கேட்டார். "எல்லாத்தையும் படிச்சிருக்கு சார்" என்றேன். இந்த மாதமே வருகிறது. ஒரு சொல்லும் வெட்டவில்லை. மூன்றும் இப்படி இருந்தால் அந்தப் பக்கத்தை மாதா மாதம் உனக்கே கொடுக்கலாம் என்கிறார்.

'நிழல்' கிடைக்காது. நாலைந்துதான் வந்தது, ஒருவரும் வாங்கவில்லை. கம்பெனிக்கே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அது போகட்டும். பெரிய சேதி ஒன்று. கிசோவின் மூன்றாவது மிஷின் வந்துவிட்டது. கருப்பு நிறம், கேசட் இல்லை, சிடி போடுவது. கடையில் கூட்டம் தாங்கவில்லை. முதலாளியிடம் சொல்லி உனக்கு ஒன்று எடுக்கிறேன். மானகிரி சொக்கு கிறிஸ்துமஸ் கழித்து ஊருக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். அப்படியானால் மூன்றாவது கட்டுரைக்கும் கவலை இல்லை. அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன், நான் சொன்ன மறுநாளே தெருவுக்கே தெரிந்திருக்கும்.

அன்புடன்
ச. ஆண்டனி

* * *

காரைக்குடி
14.12.1996

மரியே வாழ்க

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறோம். வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் கட்டத் தொடங்கியாயிற்று. ஒட்டகத்துக்கு இந்த வருடமும் மூன்று கால்தான்.

இதழ் வந்து சேர்ந்தது. என் பெயரைப் பார்த்தேன். வேறு யாரோ ஒருத்தி எழுதியது போல இருந்தது. அம்மா விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "பேரைப் போட்டுருக்காகளே, பொண்ணு கேட்டு வாரவுக என்ன நினைப்பாக?" என்றாள். ஆனால் இதழை யாருக்கும் இரவல் கொடுக்கவில்லை, தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

இரண்டாவது கட்டுரையை இத்துடன் அனுப்புகிறேன், வெள்ளை மிஷினைப் பற்றி. எழுதும்போது ஒன்றைக் கண்டுபிடித்தேன், அதிலிருந்து தூக்கம் பிடிக்கவில்லை. 'மலை ஆடு' இரண்டில் படம் அழகாகிவிட்டது, தூரத்து மலை மெதுவாகவும் பக்கத்து மலை வேகமாகவும் நகர்கிறது, வந்த வழியே திரும்பவும் போகலாம். நடுவில் ஆடு ஒரு கட்டுமரத்தில் ஏறி ஆற்றைக் கடக்கும் இடம் இருக்கிறதே, அங்கே காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அது தோணி! யாரும் வாங்காத அந்தத் தோணியை அடுத்த மிஷினில் ஆட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் எல்லாம் இப்போது அந்த இடத்தைத்தான் புகழ்கிறார்கள்.

புதுசாக ஒன்றைச் செய்து பார்ப்பது மூத்த பிள்ளையின் வேலை போலிருக்கிறது. அது முட்டி மோதித் தோற்றுப்போகும். வழக்கமான ஆட்டம் இளையது. அண்ணன் விழுந்த இடத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வருடம் அதே வழியில் அலுங்காமல் நடந்து போகும்.

வெள்ளை மிஷினில் அந்த மூத்த பிள்ளை 'வௌவால்'. திரை முழுக்க இருட்டு. பொத்தானை அமுக்கினால் வௌவால் கத்தும், அந்தச் சத்தம் பட்ட சுவர் மட்டும் ஒரு கணம் தெரிந்து மறையும். என் கணக்குச் சரியென்றால், கருப்பு மிஷினில் ஆடு ஏதாவது ஒரு இருட்டுக் குகைக்குள் போக வேண்டும். அது உண்மையா என்று பார்க்கும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. சொக்கு எப்போது வருகிறார்?

நம் கோயில் உபதேசியார் எனக்கு ஒரு இடம் கொண்டுவந்திருக்கிறார். கண்டரமாணிக்கம். மாப்பிள்ளை பெயர் லூர்து பிரகாஷ், பாங்கு வேலை. உங்களுக்கு அம்மா தனியாக எழுதுவாள்.

உங்கள் தங்கை
இன்பமேரி

* * *

சிங்கப்பூர்
2.1.1997

அன்புத் தங்கைக்கு,

உங்கள் இருவருக்கும் புது வருட வாழ்த்து. நான் நலம். மேலே புது விலாசம் எழுதியிருக்கிறேன், இனி இதற்கே எழுது. அறை மாற்றிவிட்டேன். கடைப் பேப்பர் தீர்ந்துவிட்டது, அதனால்தான் கோடு போட்ட தாள்.

கட்டுரையைத் தபாலில் ஆசிரியருக்கு அனுப்பிவிட்டேன். மூத்த பிள்ளை பற்றி எழுதியிருந்தது நன்றாக இருந்தது.

சொக்கு பெட்டியைக் கொடுத்திருப்பான். பத்திரமாக வையுங்கள். மூன்றாவது கட்டுரைக்கு அவசரம் இல்லை. கண்டரமாணிக்கத்து இடம் நல்ல இடம் என்று அம்மா எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சம்மதம்.

ஆண்டனி

* * *

காரைக்குடி
20.1.1997

மரியே வாழ்க

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். நீங்கள் சுகமா? இந்தக் கேள்வியை இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை.

சொக்கு வந்தார். அம்மா காபியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"ஆண்டனி சுகமா இருக்கானா?"

"இருக்காருங்கம்மா."

"கடையில யாவாரம் எப்புடி?"

"சிங்கப்பூரு வெயிலு நம்மூரு வெயிலத் தோக்கடிச்சிரும்மா. நடக்க முடியல."

"யாவாரத்தக் கேட்டா வெயிலச் சொல்றீகளே."

"காபி நல்லாருக்கும்மா" என்று எழுந்துவிட்டார்.

பெட்டி கனமாக, பளபளப்பாக இருக்கிறது. மேலே கருப்பு மிஷின் படம், பின்பக்கம் ஆடு ஒரு குகை வாசலில் நிற்கிற படம். குகை, அண்ணே! உள்ளே இருட்டா வெளிச்சமா என்று படத்தில் தெரியவில்லை.

கத்தரிக்கோலை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்தாள். "பிரிச்சா அது பழசுடி. சீருக்குப் பழச வப்பாகளா?" போன தை மாதம் கானாடுகாத்தானில் என் தோழி நாச்சியம்மை கல்யாணத்துக்கு அம்மாவையும் கூட்டிப்போனேன் அல்லவா, அங்கே பிடித்த வினை இது. நடுமுற்றத்து வளவு முழுக்கச் சீர்ச் சாமான் பரப்பியிருந்தார்கள். வந்த ஆச்சிமார் ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து, ஒட்டின டேப் ஒட்டினபடி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார்கள். நம் வீட்டில் பரப்புவதற்கு வளவும் கிடையாது, சாமானும் கிடையாது. ஆனால் அம்மா அந்த விரலை மட்டும் மனதில் வாங்கி வந்துவிட்டாள். கருப்பு மிஷின் இப்போது உள்ளறையில், இட்லிக் கொப்பரைக்கும் மிக்ஸிக்கும் மேலே, வெள்ளைத் துணி போர்த்தி, முதல் நற்கருணை வாங்கப்போகிற புது நன்மைப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. உபதேசியார் மூலம் மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லியாயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் வீட்டில்தான் திறக்கப்படும்.

நான் சொன்னால் அம்மா கேட்கமாட்டாள். நீங்கள் சொன்னால் கேட்பாள். "அம்மா, இன்பம் பெட்டியைப் பிரிக்கட்டும்" என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரே வரி.

உங்கள் தங்கை
இன்பமேரி

* * *

சிங்கப்பூர்
16.2.1997

அன்புத் தங்கைக்கு,

நலம். தவசு காலத்தில் அம்மா ஒரு பொழுது இருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். இங்கே மழை. சீனப் புத்தாண்டுக்குக் கடைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன.

மூன்றாவது கட்டுரையைப் பற்றி யோசித்தேன். கருப்பு மிஷினைப் பற்றி ஆளாளுக்கு எழுதுகிறார்கள். உனக்கு எதற்கு அது? உன் பலம் பழைய மிஷின்தான். சாம்பலையும் வெள்ளையையும் வைத்தே இன்னொன்று எழுதேன். ஆசிரியர் ஒத்துக்கொள்வார்.

மாப்பிள்ளை வீட்டார் எப்போது வருகிறார்கள்?

ஆண்டனி

* * *

காரைக்குடி
5.3.1997

மரியே வாழ்க

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். அம்மா ஒரு பொழுது இருக்கத்தான் செய்கிறாள். உங்களுக்காக என்கிறாள்.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். கேட்ட அந்த ஒரு வரி அதில் இல்லை. பின்பக்கம் எழுதியிருப்பீர்களோ என்று திருப்பியும் பார்த்தேன்.

ஆசிரியர் எனக்கு நேராகவே எழுதியிருக்கிறார். ஏப்ரல் முடிவதற்குள் கருப்பு மிஷின் கட்டுரை வந்தால் பக்கம் எனக்கு, இல்லையென்றால் வேறொருவருக்கு. இரண்டு கட்டுரைகளில் நான் சொன்ன கருத்து மூன்றாவது மிஷினில் நிற்கிறதா விழுகிறதா என்று வாசகர்கள் கேட்கிறார்களாம். கடைசியில், 'தங்கள் அண்ணனுக்குக் கடை முகவரியில் அனுப்பிய இதழ் திரும்பி வந்துவிட்டது' என்றும் எழுதியிருந்தார். தபால்காரரின் தவறாக இருக்கும். இருக்குமா?

மாப்பிள்ளை வீட்டார் போன ஞாயிறு பூசை முடிந்து வந்தார்கள். அம்மா பெட்டியை வெளியே கொண்டுவந்து மேசை நடுவில் வைத்து, என் பக்கத்தில் வைக்க வேண்டிய பூச்சாடியை அதன் பக்கத்தில் வைத்தாள். மாப்பிள்ளையின் தங்கை ரீனா பெட்டியைத் தூக்கிக் காதருகே வைத்து ஆட்டினாள். "உள்ள ஒண்ணும் ஆடவே மாட்டேங்குதே. நல்லா இறுக்கி அடைச்சிருக்காக" என்றாள். "சிங்கப்பூருப் பேக்கிங்குல்ல" என்றாள் அம்மா.

பிறகு மாப்பிள்ளை என்னைக் கேட்டார். "ஒங்க கட்டுரையப் பத்தி உபதேசியார் சொன்னாரு. அந்தத் தோணியில காத்து வரலைன்னா என்ன செய்யணும்?"

"சும்மா இருக்கணும்."

"சும்மா இருக்குறதுக்கு எதுக்குங்க மிஷினு? எங்க பாங்குலயே இருக்கலாமே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஆனால் சும்மா இருப்பது எவ்வளவு கடினம் என்று அவருக்குச் சொல்லியிருக்கலாம். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

அவர்கள் போன பிறகு பெட்டியைத் திரும்ப உள்ளே வைக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. இந்த வீட்டில் நானும் அதுவும் ஒரே அறையில் ஒரே காரணத்துக்காக இருக்கிறோம். எனக்கு டேப் மட்டும் ஒட்டவில்லை.

அண்ணே, அந்தப் பக்கம் எனக்கு வேண்டும். கல்யாணம் நடக்கட்டும், நடக்காமல் போகட்டும், மாதத்தில் ஒரு பக்கம் என் பெயரில் இருந்தால் நான் எங்கே போனாலும் நானாகப் போவேன். இதை உங்களைத் தவிர யாரிடமும் சொல்ல மாட்டேன். அந்த ஒரு வரியை எழுதுங்கள்.

உங்கள் தங்கை
இன்பமேரி

* * *

காரைக்குடி
2.4.1997

மரியே வாழ்க

அன்புள்ள அண்ணனுக்கு,

பாஸ்காத் திருநாள் வாழ்த்துகள். நாங்கள் சுகம்.

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் கருத்தையா நம் தெருவுக்குள் நுழைந்ததும் சைக்கிளை விட்டு இறங்காமலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார், நான் வாசலில் நிற்பது அவருக்கே சங்கடமாக இருக்கிறது.

மத்தியானம் கரண்ட் போனால் உள்ளறைக்குப் போய் உட்காருகிறேன். டேப்பின் ஒரு முனை லேசாகத் தூக்கியிருக்கிறது. நகத்தை வைத்தால் வந்துவிடும். வைக்கிறேன், எடுத்துவிடுகிறேன். இதுவும் ஒரு விளையாட்டாகிவிட்டது. எந்தக் கம்பெனியும் இதைப் போடவில்லை.

ஏன் எழுத மாட்டேன் என்கிறீர்கள்? என் மேல் கோபமா?

இன்பமேரி

* * *

சிங்கப்பூர்
12.4.1997

அன்புத் தங்கைக்கு,

கோபம் இல்லை. வேலை.

பெட்டியைப் பிரிக்காதே. காரணம் கேட்காதே. நான் கல்யாணத்துக்கு வருவேன், வரும்போது எல்லாம் சரியாகிவிடும். அதுவரை பெட்டி அப்படியே இருக்கட்டும்.

கட்டுரை எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் விளையாடாமலே எழுது. பெட்டியின் பின்பக்கம் படம் இருக்கிறதே. குகை என்று நீ முன்பே சொன்னாய், குகையும் இருக்கிறது. இருட்டு என்று எழுதிவிடு. யார் வந்து உன்னைக் கேட்கப்போகிறார்கள்?

ஆண்டனி

* * *

காரைக்குடி
28.4.1997

மரியே வாழ்க

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? இது அம்மாவின் கேள்வி, ஏன் கேட்கிறாள் என்று கீழே எழுதுகிறேன்.

உங்கள் யோசனைப்படி செய்து பார்த்தேன். பெட்டியின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் வைத்து, 'கருப்பு மிஷினில் ஆடு ஒரு இருண்ட குகைக்குள் நுழைகிறது' என்று தொடங்கினேன். நல்ல வாக்கியம். அடுத்த வாக்கியத்துக்குப் போக முடியவில்லை. அந்தக் குகைக்குள் நான் போகவில்லையே! தாளைக் கசக்கிப் போட்டேன். அம்மா அதை எடுத்து விரித்துப் பார்த்தாள்.

"என்னடி மருகிக்கிட்டுக் கெடக்க?"

வேறு வழி தெரியாமல் உங்கள் கடிதத்தையே வாசித்துக் காட்டினேன். 'காரணம் கேட்காதே' என்ற இடத்தில் அம்மா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள்.

"சின்னதுல பங்குச்சாமி தோட்டத்துல மாங்கா களவாண்டுட்டு வந்து இப்புடித்தான் சொல்லுவான். பையத் தொறக்காதம்மா, காரணம் கேக்காதம்மா."

அடுப்படிக்குப் போய்க் கத்தியோடு வந்தாள். நான்தான், "அம்மா, சீரு" என்றேன். "இரு" என்று சொல்லிவிட்டு டேப்பை அவளே அறுத்தாள்.

உள்ளே மேலாக வெள்ளை மிஷின் ஒன்று இருந்தது. ஒரு மூலை உடைந்து, கடையில் எல்லோரும் தொட்டுப் பார்க்க வைக்கிற மிஷின் என்பதற்கு ஒட்டின சீட்டோடு. அதற்குக் கீழே கனத்துக்காக அடைத்த சிங்கப்பூர் டெலிபோன் டைரக்டரி. அதற்கும் கீழே உங்கள் நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை, அதில் சுற்றி 'நிழல்'.

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. அவள் கைக்குட்டையை முகர்ந்து பார்த்தாள். அதை மடித்து வைத்துவிட்டு, "அவனுக்கு வேல இல்லடி" என்றாள். பிறகு, "சாப்புடுறானான்னு கேட்டு எழுது" என்றாள். திட்டவில்லை, அழவில்லை.

மறுநாள் முழங்கால் வலியோடு உபதேசியார் வீட்டுக்குத் தானே நடந்து போய், "சிங்கப்பூர் மிஷினு இல்லைன்னு கண்டரமாணிக்கத்துல சொல்லிருங்க, இல்லாத சாமான இருக்குன்னு சொல்லிப்புட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். கலந்து பேசிச் சொல்கிறோம் என்றார்களாம். இன்னும் சொல்லவில்லை. சொல்வதைப் பொறுத்து நான் மாப்பிள்ளையைப் பற்றித் தெரிந்துகொள்வேன்.

மூன்றாவது கட்டுரையை ஆசிரியருக்கு முந்தாநாள் நானே அனுப்பினேன். 'கருப்பு மிஷினை நான் விளையாடவில்லை. அதன் பெட்டியை மட்டும் மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன்' என்று தொடங்குகிறது. குகை இருட்டா இல்லையா என்பதை விளையாடியவர்கள் எனக்கு எழுதட்டும் என்று கேட்டிருக்கிறேன். மீதி முழுக்க 'நிழல்' பற்றி. பக்கம் போகலாம். போனால் இந்தக் கட்டுரையோடு போகட்டும்.

'நிழலில்' அந்த ஆளுக்கு உயிர் போவதே இல்லை, அண்ணே. வெயில் பட்டால் நின்றுவிடுகிறான். அவ்வளவுதான். நாம் பதறிச் சூரியனை வேகமாக இழுத்தால் நிழல் அவனைத் தாண்டி ஓடிவிடும், அவன் அங்கேயே நிற்பான். மெதுவாக, மிக மெதுவாக இழுக்க வேண்டும். இவ்வளவு நாள் இருப்புக் கொள்ளாமல் அலைந்தவளுக்கு இது எப்படிக் கைவரும்? தோற்றுக்கொண்டே இருந்தேன். அம்மா பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆட்டம் என்றாலே ஆடுதான், "இதுல கிடாய் வராதா?" என்று கேட்டாள். வராது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஆளு வீடு எங்கிட்டு இருக்கு?" என்றாள். தெரியவில்லை என்றேன். எழுந்து போகும்போது சொன்னாள்:

"ஒங்க அண்ணனுக்கு எழுது. கல்யாணம் நடந்தாலும் நடக்காட்டியும் அவன் வரட்டும். ஒரு சாமானும் கொண்டாரப்படாது. கையை வீசிக்கிட்டு வரச் சொல்லு."

அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

உங்கள் தங்கை
இன்பமேரி

* * *

சிங்கப்பூர்
30.4.1997

அன்புள்ள அம்மாவுக்கும் இன்பத்துக்கும்,

இருவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் சுகம் என்று இத்தனை நாள் எழுதினேன், இன்று எழுதவில்லை.

என் சென்ற கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை, வருவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். படம் பார்த்துப் பொய் எழுது என்று இன்பத்துக்குச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மனது ஒரு நிலையில் இல்லை. அது அப்படி எழுதாது. அம்மாவுக்குத் தெரியாமல் பிரிக்கவும் செய்யாது. ஒரு அறைக்குள் உட்கார்ந்துகொண்டு என் ஒரு வரிக்குக் காத்திருக்கும்.

கடை கைமாறி, புது முதலாளி பழைய ஆட்களை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சொக்கு கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால். கருப்பு மிஷின் வருகிறது என்று ஊரெல்லாம் தெரிந்த பிறகு வெறும் கையோடு அவனை எப்படி அனுப்புவது? கண்ணாடிக்குள் வைத்திருந்த காலிப் பெட்டி ஒன்றையும் உடைந்த வெள்ளை மிஷின் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதைச் சீருக்கு வைக்கப்போவதாக அம்மா எழுதியிருந்தார்கள், நம் ஊரில் சீர்ப் பெட்டியை யாரும் பிரிக்க மாட்டார்கள் என்ற தைரியம். வேலை கிடைத்ததும் அசலை வாங்கிக் கொண்டுவந்து மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். இப்போது ஒரு கிடங்கில் மூட்டை அடுக்குகிறேன். அசல் வாங்கும் நிலையில் இல்லை. வெறும் கையோடு நான் எப்படி வாசல்படி ஏறுவது என்றும் தெரியவில்லை.

உள்ளே இன்பம் கேட்ட ஒன்று மட்டும் இருக்கிறது, கடையைக் காலி செய்யும்போது மூலையில் கிடைத்தது. அது பொய் இல்லை.

இதைப் படித்த பிறகு நான் வீட்டுக்கு வரலாமா என்று அம்மா ஒரு வரி எழுதட்டும். இன்பம் கேட்ட வரியை நான் இப்போது எழுதுகிறேன்.

அம்மா, இன்பம் பெட்டியைப் பிரிக்கட்டும்.

ஆண்டனி